சித்தப்பா கண்ட சிவப்பு வெளிச்சம்

எங்கள் சித்தப்பா திருகோணமலை உப்புவெளியிலிருந்து இருபது வருசத்துக்கு மேல் கடலுக்குப் போனவர். ஒரு ஐப்பசி இரவு, கிழக்கே வெகு தூரத்தில் மின்னிக்கொண்டிருந்த மேகங்களுக்கும் மேலே, வெறும் வானத்தில், சிவப்பு விழுது மாதிரி ஒன்று தொங்கி, கண் இமைக்குமுன் மறைந்துவிட்டது என்று சொன்னார். நாங்கள் நம்பவில்லை. தூக்கக் கலக்கம் என்றோம். அவர் இப்போது இல்லை, அந்த வார்த்தை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அவர் சொன்னதற்கு அப்படியே பொருந்துகிற ஒன்று இருக்கிறது. பெயர் ஸ்பிரைட். விமானிகளும் காலங்காலமாக இதைச் சொல்லி வந்தார்கள், அவர்களையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சி.டி.ஆர். வில்சன் என்ற இயற்பியலாளர் 1920களிலேயே இடிமேகத்துக்கு மேலே இப்படி நடக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்லியும், 1989 யூலையில் மினசோட்டா பல்கலைக்கழகத்தார் வேறு வேலைக்காக ஒரு கமெராவைச் சோதித்தபோது தற்செயலாக அதில் பதிவான பிறகுதான் உலகம் நம்பியது.

சாதாரண மின்னல் பெரும்பாலும் மேகத்திலிருந்து எதிர் மின்னேற்றத்தைத்தான் நிலத்துக்குக் கொண்டுவரும். எப்போதாவது நேர் மின்னேற்றம் பெருமளவில் ஒரே அடியாக இறங்கிவிடும். அப்போது மேகத்துக்கு மேலே மின்புலம் திடீரென்று ஏறுகிறது. 70, 80 கிலோமீற்றர் உயரத்தில் காற்று அவ்வளவு மெல்லியது என்பதால் அதைத் தாங்க முடியாமல் ஒளிர்ந்துவிடுகிறது. சிவப்பு நிறம் நைதரசன் தருவது. எல்லாம் சில மில்லிசெக்கன்தான்.

அப்புறம் புளூ ஜெட். அது மேகத்தின் உச்சியிலிருந்தே நீலமாக மேல்நோக்கிப் பாய்வது. 2015இல் டென்மார்க் விண்வெளி வீரர் அன்ட்ரியாஸ் மொகென்சன் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்த வீடியோவில், 160 செக்கனுக்குள் 245 நீல வெட்டுகள் பதிவாகின. எங்கே தெரியுமா? வங்காள விரிகுடாவுக்கு மேலே! நம்முடைய இதே கடல்.

அதனால் கமெரா வைத்திருக்கிற நம் பெடியளிடம் கேட்கிறேன், கோணேசர் கோயிலையும் சூரிய உதயத்தையும் எடுத்தது போதும், இதற்கும் ஒரு இரவை ஒதுக்குங்கள். புயல் நம் தலைக்கு மேலே இருந்தால் ஒன்றும் தெரியாது, இருநூறு முந்நூறு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் இருக்க வேண்டும், நடுவில் வானம் வெளித்திருக்க வேண்டும், நிலவும் இருக்கக்கூடாது. நிலாவெளியில் ஹோட்டல் வெளிச்சம் விழாத இடமாகப் பார்த்து முக்காலியை நிறுத்தி வீடியோவை ஓடவிடுங்கள். மின்னுகிற மேகத்தைப் பார்க்காமல் அதற்கு மேலே பாருங்கள், கையை நீட்டி முட்டி பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒன்று தொடக்கம் இரண்டு முட்டி உயரத்தில். இடிச்சத்தம் கேட்டால் உடனே வீட்டுக்குள் போய்விடுங்கள், அது பக்கத்துப் புயல்.

மற்றது, உங்கள் வீட்டிலும் கடலுக்குப் போன பெரியவர்கள் இப்படி ஏதாவது சொல்லியிருப்பார்கள். எந்த மாதம், எந்தத் திசை, என்ன நிறம் என்று கேட்டு எழுதி வையுங்கள். எனக்கும் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை.