டிரிஜிகான் கதையில் விட்டுப்போனவை

துப்பாக்கிகளுக்குக் குறிநோக்கி (குறிபார்க்கும் கருவி) தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான டிரிஜிகானையும், கைத்துப்பாக்கியின் இருட்டுக் குறிமுள்ளையும் (இருட்டிலும் ஒளிர்ந்து குறிபார்க்க உதவும் முள்) பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் "பேட்டரி இல்லாமல் என்றைக்கும் ஒளிரும்" என்று எழுதியது சரியில்லை. உள்ளே இருப்பது டிரிடியம் வாயு, அதாவது கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன். சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்திருப்பார்கள், அதிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் குழாயின் உட்பூச்சில் பட்டு அது பச்சையாக மின்னும். டிரிடியத்தின் அரை ஆயுள் (அதில் பாதி சிதைந்து போக ஆகும் காலம்) சுமார் 12.3 வருடம், அதனால் 12 வருடப் பழைய குறிமுள்ளில் பாதி வெளிச்சம்கூடத் தேறாது, பூச்சும் கூடவே தேய்ந்துவிடும். பழைய துப்பாக்கி வாங்குபவர்கள் தயாரித்த வருடத்தைப் பார்க்காமல் பணம் கொடுத்தால் ஏமாற்றம்தான். கதிரியக்கம் என்று சிலர் கீழே கருத்துகளில் பயந்திருக்கிறீர்கள், குழாய் உடையாதவரை கவலை வேண்டாம், அந்தக் கதிர் தோலைக்கூடத் தாண்டாது.

அப்புறம் டிரிஜிகான் வரலாற்றை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே! அதன் நிறுவனர் கிளின் பிண்டன் 1981-ல் தென்னாப்பிரிக்காவின் ஆர்ம்சன் குறிநோக்கியை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்துதான் தொழிலைத் தொடங்கினார், மிச்சிகனில் டிரிஜிகான் உருவானது அதற்குப் பிறகு. 2003-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் காலத்திலிருந்தே அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளுக்கான குறிநோக்கிகளின் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் யோவான் 8:12 மாதிரி பைபிள் வசன எண்களைப் பொடி எழுத்தில் பொறித்து வந்தார்கள். 2010-ல் அது செய்தியாகிப் பெரிய சர்ச்சை, கடைசியில் ராணுவத்துக்கான சரக்கில் நிறுவனமே அதை நிறுத்தியது. சொந்தக் கடையில் என்ன வேண்டுமானாலும் பொறிக்கட்டும், ஆனால் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அப்போது சண்டை போட்ட அரசாங்கப் படைக்கு அனுப்பிய பொருளில் இது எதற்கு?