நன்றாக ஓடும் கணினியைக் குப்பை என்று சொல்ல இவர்கள் யார்?

எங்கள் வீட்டுக் கணினியில் ஒரு குறையும் இல்லை. பொத்தானை அழுத்தினால் உடனே எழுந்துவிடுகிறது. அம்மா அதில்தான் கோயில் பஜனைக் குழுவுக்குப் பாடல்களைத் தட்டச்சு செய்கிறார். மகளின் பள்ளிக் கட்டுரைகள், மனைவியின் மத்திய சேம நிதிக் கணக்கு, வங்கி வேலை எல்லாம் அதில்தான். எஸ்எஸ்டி மாற்றியாயிற்று, ரேம் கூட்டியாயிற்று. இப்போது ஓடுவது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 10. ஆனாலும் அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 இந்தக் கணினியில் ஏறாதாம். உள்ளே மூளையாக இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை புராசஸர். எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி.

எட்டாம் தலைமுறை கடைக்கு வந்ததே 2017இன் பிற்பகுதியில். அந்த ஆண்டின் தொடக்கத்தில் காசு கொடுத்து வாங்கியவர் வெளியே, சில மாதம் பொறுத்து வாங்கியவர் உள்ளே! கேட்டால் பாதுகாப்புக்காக என்கிறார்கள். ரகசியக் குறியீடுகளைக் காக்கும் டிபிஎம் 2.0 வேண்டும், கணினி எழும்போதே தீய மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் வேண்டும். சரி, இரண்டும் எங்கள் கணினியில் இருக்கின்றன, பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் இயக்கியும் வைத்தேன். அப்புறமும் புராசஸர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழாம் தலைமுறையிலும் சிலவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ஐ7-7820எச்க்யூ. மைக்ரோசாஃப்ட் தன் பெயரிலேயே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 கணினியில் இருப்பது அதே புராசஸர். தன் சரக்குக்கு மட்டும் கதவு திறக்கும் என்றால் பாதுகாப்பு என்ற பேச்சை நான் எப்படி நம்புவது?

விண்டோஸ் 10 உரிமத்தை 2023 ஜனவரி கடைசி வரை தங்கள் தளத்தில் விற்றார்கள். 2025 அக்டோபர் 14ஆம் தேதி அதற்கான ஆதரவை, அதாவது இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை, நிறுத்திவிட்டார்கள். நடுவே மூன்று ஆண்டுகூட இல்லை.

அப்படியே பழையதில் இருந்துவிடலாமே என்று சிலர் சாதாரணமாகச் சொல்கிறார்கள். 2024இல் மட்டும் சிங்கப்பூரில் மோசடிக்காரர்களிடம் மக்கள் 1.1 பில்லியன் வெள்ளிக்கு மேல் பறிகொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸ் கணக்கையும் வங்கிக் கணக்கையும் திறக்க எனக்கு மனம் வராது. ரூஃபஸ் போன்ற கருவியை வைத்துச் சோதனையைத் தாண்டி 11ஐ ஏற்றலாம்தான். ஆனால் அப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு எதற்கு அந்த வேலை?

பாதுகாப்புத் திருத்தங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு தருகிறார்கள், உண்மை. அதற்கு 30 அமெரிக்க டாலர் கட்டு, இல்லையா, கணினியின் அமைப்புகளை எங்கள் கிளவுடுக்கு அனுப்பு, அதுவும் இல்லையா, எங்கள் சேவைகளைப் பயன்படுத்திச் சேர்த்த 1,000 ரிவார்ட்ஸ் புள்ளி கொடு என்கிறார்கள். ஐரோப்பியப் பொருளியல் வட்டாரத்தில் மட்டும் இந்த நிபந்தனைகள் கிடையாது. அங்கே பயனீட்டாளர் அமைப்புகள் சண்டை போட்டன, மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று வைத்து உள்நுழைந்தால் போதும், இலவசம் என்று ஆக்கிவிட்டார்கள். பாரிஸில் இருப்பவருக்கு இலவசமாகத் தர முடிந்ததை சிங்கப்பூர் ஈசூனில் இருப்பவருக்கு ஏன் தர முடியாது?

கடைக்குப் போனால் கணினியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் புதிய மாடல்களின் விலையைச் சொல்கிறார்கள். பழையது? மின்னியல் கழிவுத் தொட்டிக்கு. இந்தச் சின்ன ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னியல் கழிவு சேர்கிறது. கருவிகளைச் சந்தைக்குக் கொண்டு வருபவர்களே அவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று 2021 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் நல்ல கருவியை மென்பொருளால் செல்லாததாக்குகிறவர்களிடம் அது ஒன்றும் கேட்பதில்லையே!

“அண்ணே, லினக்ஸ் மின்ட் போடுங்க, பறக்கும்” என்கிறான் சித்தி மகன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம் அது. பறக்கும், நான் மறுக்கவில்லை. யூஎஸ்பியில் ஓட்டிப் பார்த்தேன், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கிறது. ஆனால் அம்மா இத்தனை காலமாக முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழகியவர். எந்த விசை தமிழுக்கு மாற்றும், கோப்பு எங்கே போய்ச் சேரும் என்று அவர் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். மகளின் குழு வேலைக்கு வரும் வேர்ட் கோப்பை மின்டில் உள்ள லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் அட்டவணை கலைந்து கிடக்கிறது. இத்தனை சிரமமும் என் வீட்டின் தலையில். முடிவு எடுத்தது எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம்.

இப்போதைக்கு நீட்டிப்புக்குப் பதிந்திருக்கிறேன், வேறு வழியில்லாமல். அது முடிவதற்குள் மின்டுக்கு மாறிவிடுவோம், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானே பழக்கிவிடுவேன். கணினியைத் தொட்டியில் போட மாட்டேன். ஐரோப்பாவில் போராடிப் பெற்றதைச் சிங்கப்பூருக்கும் கொடு என்று இங்கே உள்ள பயனீட்டாளர் சங்கம் எழுந்து கேட்க வேண்டும். நான் சங்கத்துக்கு எழுதப் போகிறேன். இதே நிலையில் இருப்பவர்கள் நீங்களும் எழுதுங்கள்.