ஹைமானிதாஸ் செட் போட்ட ஊர் அல்ல

அந்த வீடியோவை இத்தனை பேர் பகிர்ந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்குப் போனவர், வீட்டுச் சுவரெல்லாம் டைல்ஸ் சில்லு பதித்த ஃபுஸ்டர்லாண்டியாவை அரைமணி நேரம் சுற்றிவிட்டு, "டைல்ஸ் ஒட்டி வறுமையை மறைத்த ஊர்" என்று தலைப்பு வைத்துவிட்டார். கீழே போய்ப் பார்த்தால் நம் நண்பர்களே சிரித்து வைத்திருக்கிறார்கள். வயிறு எரிந்தது.

அங்கே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அது ஹவானாவின் மேற்கு ஓரத்தில் கடலை ஒட்டி இருக்கும் ஹைமானிதாஸ் என்கிற மீனவர் குடியிருப்பு. பீங்கான் கலைஞரான ஹோசே ஃபுஸ்டர் 1975-இல் அங்கே ஒரு மர வீட்டுக்குக் குடிவந்தார். முதலில் தன் வீட்டுச் சுவரில்தான் உடைந்த டைல்ஸ் சில்லு ஒட்டத் தொடங்கினார். அப்புறம் அக்கம்பக்கத்தில், உங்கள் வீட்டிலும் செய்யட்டுமா என்று கேட்டார். சரி என்றவர்கள் வீட்டில் செய்தார். அப்படியே வளர்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். மருத்துவர் உட்காரும் சின்ன கிளினிக், பேருந்து நிறுத்தம், செஸ் பூங்கா என்று அதற்கு மேலும் போனது. கேட்டுச் செய்தார். இந்த ஒரு விஷயம் அந்த வீடியோவில் எங்காவது வருகிறதா?

நான் அங்கே போனபோது ஒரு மதிலில் இருந்த சேவலின் முன்னால் வெகுநேரம் நின்றேன். வாலின் வளைவுக்கு ஏற்றபடி ஒவ்வொரு சிவப்புச் சில்லையும் உடைத்துப் பதித்திருக்கிறார்கள். நுனிக்குப் போகப் போகச் சில்லு சிறுத்து, கடைசியில் நகத்தளவு ஆகிவிடுகிறது. அந்த வீட்டு அம்மாள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மதிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவரே என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, கீழ் மூலையில் சில்லு பெயர்ந்த இடத்தைக் காட்டினார். உள்ளே போய் ஒரு பழைய டப்பாவை எடுத்துவந்தார். விழுந்த சில்லுகளை அதில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்து அந்தக் குழியில் வைத்து, இங்கேதான் இருந்தது என்பதுபோல் என்னைப் பார்த்தார். வறுமையை மறைக்க யாரோ வந்து ஒட்டிவிட்டுப் போன சுவரை ஒருத்தி இப்படிப் பார்த்துக்கொள்வாளா?

ஸ்பெயின் கட்டடக் கலைஞர் காவ்தியைக் காப்பியடித்தவர் ஃபுஸ்டர் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். காவ்தியின் தாக்கத்தை அவர் ஒளித்ததில்லை. உடைந்த பீங்கானைப் பதிக்கும் வேலை, பார்சிலோனாவில் காவ்தி கட்டிய கூயேல் பூங்காவைப் பார்த்த யாருக்கும் தெரியும். காவ்தியும் கழித்துப்போட்ட பீங்கான் துண்டுகளைத்தான் எடுத்தார். அவர் கையில் பட்டால் மேதைமை, கியூபா மீனவர் தெருவில் பட்டால் காப்பியா?

ஃபுஸ்டர் அரசாங்கத்துக்கு வேண்டியவர், அதனால்தான் விட்டுவைத்தார்கள் என்கிறார்கள். புரட்சிக்காக ஃபிடல் காஸ்ட்ரோ வந்திறங்கிய கிரான்மா படகும் அங்கே சுவரில் இருக்கிறது, நானும் பார்த்தேன். 1961-இல் எழுத்தறிவு இயக்கத்துக்காகப் பள்ளி வயதிலேயே மலைக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். தான் நம்புவதை ஒட்டியிருக்கிறார். எனக்கு அந்த அரசியலில் எல்லாம் உடன்பாடு இல்லை. அதைப் பேச இது இடமும் இல்லை.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஓவியம் விற்றுச் சம்பாதிக்கிறாராம். ஆமாம், விற்கிறார். அந்தக் காசில்தான் ஊரார் வீட்டுக்குச் சிமெண்டும் டைல்ஸும் வந்தன. விற்ற காசை வேறு எதில் போட்டிருந்தால் உங்களுக்கு மனசு ஆறியிருக்கும்?

டைல்ஸ் ஒட்டினால் பசி தீருமா என்ற கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. தீராது. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அந்த நாடு பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். சாப்பாட்டுக்கும் எரிபொருளுக்கும் அல்லாடினார்கள், மணிக்கணக்கில் மின்சாரம் இருக்காது. இப்போதும் நிலைமை சரியில்லை. ஆனால் அந்தச் சுவர்கள் வெறும் சாம்பல் நிறத்தில் இருந்திருந்தால் பசி தீர்ந்திருக்குமா? இன்று ஊரைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். வாசலில் மேசை போட்டுக் கைவினைப் பொருள் விற்கிறார்கள். அதைக்கூட விடுங்கள். நாலு காசு வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வசதி வந்த பிறகுதான் அழகு என்று ஏழைக்கு மட்டும் ஏன் ஒரு சட்டம்? பணக்காரர் வீட்டு வாசலில் நின்று இந்தக் கேள்வியை யாராவது கேட்டிருக்கிறீர்களா? ஏழை வீட்டுச் சுவரில் ஒரு மீனும் ஒரு பனைமரமும் இருந்தால் மட்டும் ஏன் கணக்குக் கேட்கத் தோன்றுகிறது?

நான் ஊர் திரும்பிப் படங்களைப் போட்டபோது, "டைல்ஸ் கடைக்குப் போயிருந்தால் போதுமே, இவ்வளவு தூரம் எதற்கு" என்று கேட்டவரும் இந்த நண்பர் பட்டியலில்தான் இருக்கிறார். அன்றைக்கு எதுவும் சொல்லாமல் விட்டேன். வலித்தது. இன்றைக்கு அந்த வீடியோவுக்கு முதல் ஆளாகக் கைதட்டியதும் அவர்தான்.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பீர்கள். படட்டும். சுவரோரம் வாளியோடு நின்ற ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று படம் எடுத்து, ஒருவரிடமும் பேசாமல், அவர்கள் வீட்டைப் பொய் என்று சொன்னவருக்கு மட்டும் உணர்ச்சி இல்லையாக்கும்.

வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. அந்தத் தலைப்பை மாற்றுங்கள். வீட்டுக்காரர்கள் சம்மதித்துச் செய்த வேலை என்று ஒரு வரி சேருங்கள். அதைச் செய்யும்வரை அதன் கீழே நான் எழுதிய பின்னூட்டத்தை நீக்க மாட்டேன். தனிச்செய்தியில் வந்து சமாதானம் பேச வேண்டாம்.