சந்தா பாக்கியும் கல்லறைத் தோட்டத்துச் சாவியும்

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்த ஆடியோவை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், அதனால் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் இங்கே வேண்டாம். இறந்த அப்பாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள். சர்ச் கமிட்டிக்காரர் போனில், "நாலு வருஷ சந்தா பாக்கி இருக்கு, அத முடிச்சிட்டு வாங்க, சாவி தாரேன்" என்கிறார். அந்த 'முடிச்சிட்டு' இன்னும் காதிலேயே நிற்கிறது. கேபிள் டிவி பாக்கி பாருங்கள்!

சபை என்பது கட்டடம் இல்லை, கூடிவருகிற ஜனங்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் நாமேதானே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? புதிய ஏற்பாட்டில் சபை என்று வருகிற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'எக்லேசியா'. ஏதென்ஸில் ஊர்க்காரர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு இருந்த பெயர் அது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டில் கூடினவர்களைத்தான் அப்போஸ்தலர் பவுல் சபை என்று எழுதினார். கோபுரமும் இல்லை, கமிட்டியும் இல்லை, பூட்டுச் சாவியும் இல்லை.

காணிக்கை அன்றைக்கும் உண்டு. கி.பி. 197 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாதம் ஒரு நாள், முடிந்தவர்கள், மனசிருந்தால் போடுவார்கள், கட்டாயம் கிடையாது. அந்தக் காசு எதற்குப் போனது? ஏழைகளுக்குச் சோறு போட, ஏழைகளை அடக்கம் பண்ண. இன்னொரு முறை படியுங்கள், அடக்கம் பண்ண. நாம் என்னடா என்றால், காசு கட்டாதவனுக்கு அடக்கமே கிடையாது என்கிறோம். கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாத ஜூலியன் என்ற ரோமச் சக்கரவர்த்திகூட 362-இல் தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் வளர்ந்ததற்கு அந்நியரை உபசரிப்பதும் செத்தவர்களின் கல்லறைகளைப் பேணுவதும் காரணம் என்று புலம்பியிருக்கிறார். விரோதிக்குத் தெரிந்தது நம் கமிட்டிக்குத் தெரியவில்லை.

"கரண்ட் பில், கோயில் வேலை பார்க்கிற கோவில்பிள்ளை சம்பளம் எல்லாம் நீயா கொடுப்பே?" என்று வருவீர்கள். நியாயமான கேள்விதான், வசூல் பண்ணுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் நாலு வருஷமாக ஒரு மனுஷன் சந்தா கட்டவில்லை என்றால், அவருக்கு என்ன ஆச்சு என்று பார்க்க எத்தனை பேர் போனீர்கள்? நோட்டில் பாக்கி எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெருவுக்கு வழி தெரியவில்லையா? "வெளியே இருக்கிறவன் சிரிப்பான், இதை முகநூலில் போடலாமா" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எங்கள் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். தாத்தா இறந்த வருஷம் எங்கள் வீட்டுப் பானையே காலி. ஒரு நாள் நன்றாக இருட்டின பிறகு, சேகரத்து ஐயர், அதாவது எங்கள் போதகர், சொல்லி, கோவில்பிள்ளை புறவாசல் வழியாக ஓர் ஓலைப்பெட்டி நிறைய அந்த அரிசியை வைத்துவிட்டுப் போனார். பத்து வீட்டுப் பிடி அரிசி, பச்சையும் புழுங்கலும் சிவப்பும் கலந்து கிடக்கும். பாதி குழைந்திருக்கும், பாதி வேகாமல் பல்லில் நறுக்கென்று கடிபடும். ஒரு பேச்சு பேசாமல் தின்றோம். யாரும் எங்களிடம் ரசீது கேட்கவில்லை.

"முதல்ல நீ ஒழுங்கா கோயிலுக்கு வா, அப்புறம் பேசு" என்று ஒருவர் நேற்று கமெண்ட் போட்டிருந்தார். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் மனைவி பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒன்பதாம் நாள் சபையிலிருந்து போன். பெயரைப் பார்த்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது, விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வராண்டாவுக்கு ஓடி வந்து எடுத்தேன். "தம்பி, அசனத்துக்கு (கோயில் விருந்துக்கு) உங்க பேர்ல எவ்வளவு எழுதட்டும்?" ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்றேன். "அப்படியா, ஜெபிச்சிக்கிடுதேன், ஜிபே நம்பர் அனுப்புதேன்." நம்பர் ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆள் இன்றுவரை வரவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்க்க வந்த பெந்தெகொஸ்தே பாஸ்டர்தான் எங்களுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

இதைப் படித்ததும் சந்தா நோட்டில் என் பெயரைத் தேடப் போகிறவர்கள் சிரமப்பட வேண்டாம். டிசம்பர் வரை கட்டியாயிற்று. அசனத்துக்கு இரண்டாயிரமும் அன்றே, அந்த வராண்டாவில் நின்றுகொண்டே அனுப்பிவிட்டேன்.