கடைக் கணக்குக்கு உரைக்கோப்பே போதும்
சின்னக் கடையின் கணக்குக்குக்கூட மைஎஸ்க்யூஎல் (MySQL) என்ற தரவுத்தள சர்வர் வேண்டும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஒத்துக்கொள்ள முடியவில்லை. மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்தக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தருகிறேன். சரக்கு, பற்று வரவு எல்லாமே உரைக்கோப்புதான் (வெறும் எழுத்து மட்டும் உள்ள கோப்பு), கட்டங்களை டேப் போட்டுப் பிரித்தது. (கமா மட்டும் வேண்டாங்க, முகவரிக்குள் கமா வந்தால் கட்டங்கள் இடம் மாறிவிடும்.) யூடிஎஃப்-8 (UTF-8) என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் அப்படியே நிற்கும். கணினி படுத்தாலும் பென்டிரைவில் இருக்கும் நகலை எந்த நோட்பேடிலும் திறக்கலாம். தேட கிரெப் (grep), கூட்டிப் பார்க்க ஆக் (awk) என்ற சின்ன நிரல்கள் போதும்: 1970களில் யூனிக்ஸ் இயங்குதளத்துக்காக எழுதியவை, இன்றும் சளைக்கவில்லை. பாஸ்வேர்டு, அப்டேட் என்று சர்வரோடு கடைக்காரர் ஏன் மாரடிக்க வேண்டும்? ஒரே நேரத்தில் இரண்டு பேர் பில் போட்டால் கதை வேறு, ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுவார். அப்போதும் முதலில் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தளத்தைப் பாருங்கள். சர்வரே கிடையாது, எல்லாம் ஒற்றைக் கோப்பு.