2010-க்குப் பிறகுதான் கதையே

ஆஸ்திரேலியப் பழங்குடிப் பாடகர் ஆர்ச்சி ரோச் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் 1990-ல் வந்த 'சார்கோல் லேன்' பாடல் தொகுப்போடும், பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளைப் பற்றிய அந்த ஒரு பாட்டோடும் நிறுத்திவிட்டீர்களே! எனக்கு அவர் பிடித்துப்போனது அதற்கப்புறம் நடந்ததால்தான்.

2010 பிப்ரவரியில் மனைவி ரூபி ஹண்டர் இறந்துபோனார். பதின்ம வயதில், இருவருமே தெருவில் திரிந்த காலத்தில் சேர்ந்த ஜோடி, அவரும் பாடகி. அதே வருடம் ரோச்சுக்குப் பக்கவாதம். அடுத்த வருடம் நுரையீரல் புற்றுநோய், ஒரு பகுதியை வெட்டியே எடுத்தார்கள். பாடுகிறவருக்கு நுரையீரலில் கை வைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? அப்படித்தான் நானும் நினைத்தேன். மனிதர் கிட்டாரை மறுபடி பழகி, 2012-ல் பின்னணியில் கோஸ்பல் (கிறிஸ்தவ பக்திப் பாடல்) குழுவோடு 'இன்டு தி பிளட்ஸ்ட்ரீம்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அழுது வடியும் தொகுப்பு இல்லை அது, தாளம் போட வைக்கும்.

2020-ல் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பழைய 'சார்கோல் லேன்' பாடல்களைத் திரும்பப் பாடிப் பதிவு செய்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய குரலையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். மூச்சு குறைந்திருக்கிறது, வரிகளை அவசரமே இல்லாமல் விடுகிறார். முன்பு அந்தக் குழந்தைகள் பற்றிய பாட்டில் குழந்தையைத் தேடும் பதற்றம் இருந்தது. இதில் வீடு வந்து சேர்ந்தவரின் நிதானம். என் காதுக்கு இதுதான் மேல்.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவின் 'ஆரியா' (ARIA) இசை விருது நிகழ்ச்சியில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்து பாடிய காணொளியையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.