பாஸ் கேட்காதீர்கள், ஒத்திகை வாடகைக்குக் காசு கொடுங்கள்

நாடகம் என்றதும் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது "ரெண்டு பாஸ் கிடைக்குமா?" என்பதுதான். டிக்கெட்டை விடப் பாப்கார்னுக்கு அதிகம் செலவழித்து சினிமா பார்த்துவிட்டு வருகிற அதே ஆட்கள்தான் கேட்கிறார்கள். போகட்டும், இந்தப் பதிவு டிக்கெட்டைப் பற்றியது இல்லை. டிக்கெட் காசு கொடுத்தாலும் போதாது என்பதைப் பற்றியது.

எங்கள் பகுதியில் ஒரு சின்ன நாடகக் குழு இருக்கிறது. நான் நடிகன் இல்லை. நாற்காலி போடுவது, வாசலில் நிற்பது என்று கூடமாட இருப்பவன். குழுவில் பள்ளி ஆசிரியர், கூரியர் கொடுப்பவர், ஐ.டி.காரர், கல்லூரிப் பிள்ளைகள் என எல்லாரும் கலந்துதான் இருக்கிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. எண்பது பேர் உட்காரும் இடத்தில் ஆளுக்கு 200 ரூபாய் என்று வையுங்கள். ஒரு சீட் விடாமல் விற்றாலும் 16,000. அரங்க வாடகை, லைட், மைக், சாமான் ஏற்றி இறக்க டாடா ஏஸ், ராத்திரிச் சாப்பாடு எல்லாம் போனால் கையில் ஒன்றும் நிற்காது. நான் சொல்வது அந்த ஒரு நாள் கணக்கு. அதற்கு முன்னால் மூன்று மாதம் ஒத்திகை நடக்கிறதே, அதற்கு யார் கொடுப்பது? ஒருநாள் அவர்களுடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மொட்டைமாடி ஷெட் வாடகை, கரண்ட், வேட்டிக்குச் சாயம், சேஃப்டி பின், டீ, டீ, டீ, மறுபடி வாடகை. நாடகம் என்று நாம் பார்ப்பது கடைசி ஒன்றரை மணி நேரத்தைத்தான். செலவெல்லாம் நம் கண்ணில் படாத அந்த மூன்று மாதத்தில் இருக்கிறது.

நன்கொடை என்றால் பிச்சை மாதிரி முகம் சுளிக்கிறவர்கள் வட மாவட்டத்துப் பாரதக் கூத்தை, அதாவது மகாபாரதக் கதையை ஆடும் தெருக்கூத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு ஊர் கூடித் தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். வெற்றிலை பாக்கு வைத்து ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) அச்சாரம் கொடுப்பார்கள். நடுராத்திரியில் யாராவது எழுந்து பணத்தை நீட்டினால், துரியோதனன் எவ்வளவு ஆவேசத்தில் இருந்தாலும் சரி, ஆட்டம் நிற்கும். "மேலத்தெரு இன்னார் மகன் இன்னார் நூற்றியோரு ரூபாய்" என்று கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கூவி வாழ்த்திய பிறகுதான் ராஜா மறுபடி கர்ஜிப்பார். கொடுத்தவருக்கும் கூச்சமில்லை, வாங்கியவருக்கும் கூச்சமில்லை. கச்சேரியும் நாடகமும் நடத்தும் சென்னை சபாக்கள்கூட இந்த வழியில்தான் நடந்தன. உறுப்பினர் வருஷச் சந்தா கட்டினார், அந்தத் தைரியத்தில் சபா செயலாளர் நாடகத்துக்குத் தேதி கொடுத்தார்.

நவீன நாடகக்காரர்களுக்கு வரி போட ஊரும் இல்லை, சந்தா கட்ட சபாவும் இல்லை. வங்காளத்தில் நாடகாசிரியர் பாதல் சர்க்கார் டிக்கெட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தார். மேடையை விட்டு இறங்கிப் பார்வையாளர் நடுவிலேயே நடித்து, முடிந்ததும் விரும்பியதைக் கொடுங்கள் என்று கேட்டார். நம்மூர் வீதி நாடகக் குழுக்களும் துண்டை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் வருவது வழக்கம். எனக்கு அந்த முறை மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் துண்டில் விழுகிற சில்லறையை வைத்து ஷெட் வாடகை கட்ட முடியாது என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தாயிற்று.

1977இல் எழுத்தாளர் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்கு, அமெரிக்க அறக்கட்டளையான ஃபோர்டு ஃபவுண்டேஷனின் நிதி வந்தது. நடிகர்கள் முழுநேரமாகப் பயிற்சி எடுக்க முடிந்தது. அந்நியப் பணம் என்று சிறுபத்திரிகை வட்டாரத்தில் திட்டியவர்கள் உண்டு. அவர்கள் கேட்ட கேள்வி நியாயமாகவே இருக்கட்டும். திட்டியவர்கள் தலைக்கு மாதம் ஐம்பது ரூபாய் போட்டிருந்தால் அந்தக் கேள்விக்கு இன்னும் கனம் இருந்திருக்கும். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று அந்தப் பட்டறையில் தேறியவர்களைத் தமிழ் சினிமா வரிசையாக எடுத்துக்கொண்டது. விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். இத்தனை பேரை எடுத்துக்கொண்ட சினிமா, இன்றைக்கு ஷெட்டில் ஒத்திகை பார்க்கிற குழுக்களுக்கு ஏதாவது திருப்பிச் செய்தால் என்ன?

கம்பெனிகளிடம் கேட்கலாமே என்பார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், கலை பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. சட்டம் சரி. எங்கள் குழு கேட்டுப் போன இடத்தில், மேடைக்குப் பின்னால் முழு அகலத்துக்கு பேனர் கட்ட முடியுமா என்று கேட்டார்கள். நாடகத்தில் அது சுடுகாட்டுக் காட்சி. அதோடு பேச்சு முடிந்தது. அரசு மானியங்களும் இருக்கின்றன, விண்ணப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் மானியம் வரும்போது வரும், ஷெட் வாடகை கேட்டு வீட்டுக்காரர் ஐந்தாம் தேதியே வந்துவிடுவார்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். உங்களுக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குழு இருந்தால், மாதாமாதம் 100 ரூபாய் தானாகப் போகிற மாதிரி வங்கியில் சொல்லிவையுங்கள். ஐம்பது பேர் சேர்ந்தால் மாதம் 5,000. ஷெட் வாடகைக்குப் பெரும்பாலும் ஆகிவிடும். ஒருவர் மொத்தமாக ஐம்பதாயிரம் கொடுத்துப் பொன்னாடை போர்த்திக்கொள்வதை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பெரிய பணம் கொடுப்பவர் அடுத்த நாடகத்தில் மருமகனுக்கு வேஷம் கேட்பார். நூறு ரூபாய்க்காரர் அதிகபட்சம் நாடகம் அறுவை என்று சொல்வார், சொல்லட்டும்.

கொடுக்கும்போது "இது உடைக்கு", "இது லைட்டுக்கு" என்று கட்டிப்போடாதீர்கள். எது அவசரம் என்று அவர்களுக்குத் தெரியும். இந்தக் காசைப் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கொடுக்கலாமே என்பவர்களுக்கு: கொடுங்கள், அதில் கைவைக்கச் சொல்லவில்லை. பாப்கார்னில் கைவைக்கச் சொல்கிறேன்.

குழுக்களுக்கும் ஒன்று. கணக்கைக் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ரசீதும் கொடுங்கள். "கலைஞனிடம் கணக்கா" என்ற வீறாப்பெல்லாம் சொந்தக் காசில் நாடகம் போடும்போது வைத்துக்கொள்ளலாம்.

வரிவிலக்கு பற்றி இன்பாக்ஸில் கேட்கிறவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்கொடைக்கு வரிவிலக்கு தரும் சான்று (80ஜி என்பார்கள்) வாங்கிய அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால்தான் அது உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கும் கிடையாது. நூறு ரூபாய்க்கு எதற்கு வரிவிலக்கு, அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள்.